கண்ணெரிவும் உணவும்

மனிதரை வருத்தும் நோய்களுள் பிறர் கண்ணுக்குப் புலப்படுவன சில. வருந்துவோர் தாமே உணர்வன சில. காலில் கட்டுப் போட்டிருப்பவரைக் கண்டால் பேருந்தில் எழுந்து இடங்கொடுக்கின்றனர். காய்ச்சலால் நடுங்குபவருக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுக்கின்றனர். ஆனால் "கண் எரிகிறது" என்று சொல்பவரைப் பார்த்து, "நித்திரை போதாது, படுத்தெழும்பினால் சரியாகிவிடும்" என்று கூறிவிட்டு எல்லாரும் தத்தம் அலுவலைப் பார்க்கச் சென்றுவிடுகின்றனர். கண் சிவந்திருக்கவில்லை, பீளை தள்ளவில்லை, பார்வையும் குறையவில்லை. ஆயினும் எரிவு மட்டும் நீங்காது நாள்தோறும் வருத்துகிறது.

இத்தகைய துன்பத்துக்காளான ஓர் இல்லத்தலைவியை உதாரணமாகக் கொள்ளலாம். காலையில் எழும்போது இமைகள் ஒட்டினாற்போல இருக்கும். மாலையானதும் மிளகாய்த்தூள் பட்டாற்போல எரியும். கண்வைத்தியர் பரிசோதித்துப் பார்த்து, பெரிய குறை ஒன்றுமில்லை என்கிறார். கண்ணாடி மாற்றியும் பயனில்லை. அயலார் ஒருவர் உடற்சூடு என்கிறார். மற்றொருவர் உண்ணும் உணவிலே கிரந்திக்குணம் உண்டு என்கிறார். அன்று தொடக்கம் கத்தரிக்காய் நிறுத்தப்படுகிறது. பின்னர் இறாலும் நண்டும் விலக்கப்படுகின்றன. அதன் பின் முட்டை, தக்காளி, பால் என ஒவ்வொன்றாக விடைபெறுகின்றன. ஆறு மாதங் கழிந்தபோது தட்டிலே சோறும் இரண்டொரு மரக்கறியுமே எஞ்சியுள்ளன; உடல் மெலிந்துவிட்டது; எரிவோ அப்படியே இருக்கின்றது.

இந்நிலையில் மூன்று வினாக்கள் எழுகின்றன. உண்ணும் உணவு கண்ணெரிவை உண்டாக்குமா? உண்டாக்குமாயின், இன்ன உணவுதான் என்பதை அறிவது எங்ஙனம்? காரணம் புலப்படாதவரை அத்துன்பத்தோடு வாழும் முறை யாது? இம்மூன்றுக்கும் இன்றைய மருத்துவ அறிவு கூறும் விடைகளை ஒருவாறு ஆராய்வது பயனுடையதாகும்.

காரணந் தெரியாத கண்ணெரிவு இக்காலத்து மக்களுக்கு மட்டும் வந்த புதுமையன்று. 1819ஆம் ஆண்டிலே இலண்டன் மாநகரில் ஜோன் பொஸ்டொக் என்னும் வைத்தியர், மருத்துவர் சங்கம் ஒன்றின் முன்னிலையில் ஒரு நோயாளியின் வரலாற்றை எடுத்துரைத்தார். ஜூன் மாத நடுப்பகுதி வந்ததும் அந்நோயாளிக்கு இமையோரங்களில் வெப்பந் தோன்றும். பின்னர் கண் முழுவதும் அரிப்பும் எரிவும் பரவும். அதைத் தொடர்ந்து தும்மலும் மூச்சிறைப்பும் வரும். எட்டு வயது தொடக்கம் ஆண்டுதோறும் இவ்வாறு நிகழ்ந்தது. இரத்தம் எடுத்தும், பேதிக்குக் கொடுத்தும், உணவைச் சுருக்கியும், குளிர்ந்த நீரில் நீராட்டியும், அபினி முதலிய மருந்துகளைக் கொடுத்தும் பார்த்தாயிற்று, ஒன்றும் பயன்தரவில்லை. அந்நோயாளியின் பெயரை முதலெழுத்துக்களால் மட்டுமே அவர் குறித்தார். உண்மையில் அந்நோயாளி பொஸ்டொக் தாமே. தாம் பட்ட துன்பத்தைப் பிறன் ஒருவனுடையதுபோல வைத்து, ஆய்வாளனுக்குரிய நிதானத்தோடு நோக்கினார்.

எனினும் நோயை நன்கு வருணித்த பொஸ்டொக் அதன் காரணத்தைக் காணவில்லை. 1828இல் தம்மைப்போன்ற 28 பேரின் வரலாற்றைத் திரட்டி ஆராய்ந்தபோதும், கோடைகால வெப்பமே காரணம் என்று முடிவு செய்தார். காய்ந்த புல்லே காரணமென்று அந்நாட்டு மக்கள் பேசிக்கொண்டதை அவர் ஏற்கவில்லை. பல ஆண்டுகளின் பின், மான்செஸ்டர் நகரத்து வைத்தியராகிய சார்ள்ஸ் பிளாக்லி என்பவர் புல்லின் பூந்தாதைத் தம் உடலிலேயே வைத்துச் சோதித்தார். பசை தடவிய கண்ணாடித் துண்டுகளைப் பட்டத்திற் கட்டி வானிலே பறக்கவிட்டு, காற்றில் மிதக்கும் தாதுக்களை எண்ணினார். பூந்தாதே அந்நோயின் காரணம் என்பதை 1873இல் நூலாக வெளியிட்டார். வெப்பமுள்ள நாட்களிற்றான் புல்லும் பூக்கும். ஆகவே வெப்பமும் நோயும் ஒன்றாகவே வந்தன. ஒன்றாக வருவன எல்லாம் ஒன்றுக்கொன்று காரணமாகிவிடா என்ற உண்மையை அறிவதற்கு ஐம்பத்துநான்கு ஆண்டுகள் சென்றன. உணவின்மீது பழி சுமத்துவோர் இவ்வரலாற்றை மறத்தலாகாது.

இனி, கண் எரிவது எவ்வாறு நிகழ்கிறது என்பதை நோக்கலாம். கண்ணின் மேற்பரப்பை எந்நேரமும் ஒரு மெல்லிய கண்ணீர்ப் படலம் போர்த்திருக்கிறது. அழும்போது வழிகின்ற நீர் வேறு. இது எப்போதும் உள்ள ஈரம். இப்படலத்தில் மூன்று கூறுகள் உண்டு. கண்ணோடு ஒட்டி நிற்பது வழுவழுப்பான சளிப்பொருள். அதன் மேலுள்ளது நீர். எல்லாவற்றிற்கும் மேலே, நீர் ஆவியாகாமற் காப்பது எண்ணெய். இந்த எண்ணெயைச் சுரப்பவை இமைகளின் விளிம்பிலே வரிசையாக அமைந்த நுண்ணிய சுரப்பிகளாகும். மேலிமையில் 25 முதல் 40 வரையும், கீழிமையில் 20 முதல் 30 வரையும் உள்ளன. 1666ஆம் ஆண்டில் இவற்றை விரிவாக விளக்கிய ஜேர்மானிய வைத்தியர் ஹைன்றிக் மைபோம் என்பவரின் பெயராலேயே இவை வழங்குகின்றன.

மனிதன் நிமிடத்துக்கு ஏறத்தாழப் பதினைந்து முறை இமைக்கிறான். ஒவ்வொரு முறையும் இமை இறங்கி ஏறும்போது இந்த எண்ணெய் சிறிது பிதுங்கிப் படலத்தின்மீது பரவுகிறது. புத்தகத்தையோ கைத்தொலைபேசியையோ உற்றுநோக்கும்போது இமைப்பது வெகுவாகக் குறைகிறது. சுரப்பியின் வாய் அடைபட்டாலும், நீர் குறைந்தாலும், இமைப்பது குறைந்தாலும் படலம் ஆங்காங்கே கிழிகிறது. கிழிந்த இடத்திலே காற்று நேரே படுகிறது. கருவிழியின் முன்புறமோ உடலிலேயே உணர்நரம்புகள் மிகச் செறிந்த இடங்களுள் ஒன்று. ஆகவே எரிகிறது. பார்ப்பவருக்கு ஒன்றுந் தெரியாதபோதும் எரிவு மெய்யாக இருப்பதற்கு இதுவே காரணம்.

அடுத்ததாக, ஒவ்வாமை என்னும் சொல்லின் பொருளைத் தெளிதல் வேண்டும். ஒவ்வாமையைக் குறிக்க மேனாட்டார் வழங்கும் சொல்லை 1906இல் ஆக்கியவர் வியன்னா நகரத்துக் குழந்தை வைத்தியரான கிளெமென்ஸ் வொன் பிர்கே என்பவர். பிறருக்குத் தீங்கு செய்யாத ஒரு பொருளைப் பகைப்பொருளாகக் கருதி ஒருவரின் உடல் எதிர்ப்பதே ஒவ்வாமையாகும். சமைத்த மீனை உண்டால் உடல் தடித்துத் துன்புற்ற கியூஸ்ட்னர் என்னும் வைத்தியரின் இரத்தநீரை, பிரவுஸ்னிற்ஸ் என்னும் அவருடைய நண்பர் தமது தோலிலே ஏற்றிக்கொண்டார். மறுநாள் அவ்விடத்தில் மீன்சாற்றைச் செலுத்தியபோது அங்கே தடிப்பு எழுந்தது. 1921இல் வெளியான இச்சோதனையினால், ஒவ்வாமையை உண்டாக்கும் பொருள் ஒன்று இரத்தத்திலே உண்டு என்பது துலங்கிற்று. அப்பொருளை இஷிசாக்கா தம்பதியர் அமெரிக்காவிலும், ஜொஹான்சன், பென்னிக் ஆகிய இருவர் சுவீடனிலும் 1966, 1967ஆம் ஆண்டுகளிற் கண்டறிந்தனர்.

மெய்யான உணவொவ்வாமைக்குச் சில அடையாளங்கள் உண்டு. உண்ட சில நிமிடங்களிலோ, பெரும்பாலும் இரண்டு மணித்தியாலத்துக்குள்ளோ அது வெளிப்படும். தோல் தடித்து அரிக்கும். உதடும் இமையும் வீங்கும். வாந்தியும் வயிற்றுவலியும் வரலாம். சிலருக்கு மூச்சடைத்து உயிருக்கே ஆபத்து நேரிடும். கண் அரித்து நீர் வடிவதும் உண்டு. ஆனால் ஏனைய குறிகள் ஒன்றுமின்றிக் கண் மட்டும், அதுவும் மாதக்கணக்காக, நாள்தோறும் எரிந்துகொண்டிருக்குமாயின், அதற்கு உணவொவ்வாமை காரணமாதல் அரிது. உணவைக் குறைகூறுவதற்கு முன் இந்த ஒரு செய்தியை நினைவிற் கொண்டாலே பல இல்லங்களில் தட்டு வெறுமையாகாது காக்கலாம்.

ஆயின் உணவுக்கும் கண்ணெரிவுக்கும் தொடர்பே இல்லையா எனின், உண்டு. அது பல வழிகளில் அமைவது.

முதலாவது, மீனில் உண்டாகும் நச்சுத்தன்மை. சூரை, கும்பளா, சாளை முதலிய மீன்களைப் பிடித்தவுடன் பனிக்கட்டியில் இடாது வெப்பத்திலே வைத்திருந்தால், நுண்ணுயிர்கள் அவற்றின் தசையிலுள்ள ஒரு பொருளை ஹிஸ்டமீன் ஆக மாற்றுகின்றன. ஒவ்வாமையின்போது உடல் தானே வெளிவிடும் பொருள்களுள் ஒன்றும் இந்த ஹிஸ்டமீனே. ஆதலால் அம்மீனை உண்டவரின் முகம் சிவந்து, தலை இடித்து, வாயும் கண்ணும் எரிவதைக் கண்டு ஒவ்வாமை என்றே எவரும் எண்ணுவர். எவ்வளவு சமைத்தாலும் ஹிஸ்டமீன் அழியாது. பெரும்பாலும் ஒரு நாளுக்குள் துன்பம் தணிந்துவிடும். ஒரே சட்டியில் உண்ட பலருக்கு ஒருங்கே இவ்வாறு நேர்ந்ததாயின், குற்றம் மீனை வைத்திருந்த முறையிலேயே உளது. புதுமீன் வாங்கியுண்டால் அவருக்குத் தீங்கில்லை. வாழ்நாள் முழுவதும் மீனை விலக்குவது வீண் இழப்பாகும்.

இரண்டாவது, முகச்சிவப்பு நோய். கன்னமும் மூக்கும் அடிக்கடி சிவந்து சூடேறும் இந்நோய் கண்களையும் தாக்கும். இமையோரச் சுரப்பிகள் பழுதுறும். கண்ணில் மணல் விழுந்தாற்போல உறுத்தி எரியும். கொதிக்கக் கொதிக்கக் குடிக்கும் தேநீர், உறைப்பு மிகுந்த கறி, மதுபானம் ஆகியன இந்நோயாளர் சிலருக்கு முகச்சிவப்பைத் தூண்டுவன. கருநிறத் தோலில் சிவப்பு எளிதிற் புலப்படாமையால் இந்நோய் நம்மவரிடையே அறியப்படாது போகலாம். உறைப்பு உண்ட அன்றெல்லாம் முகம் சூடேறிக் கண் எரிகிறது என்று ஒருவர் கூறுவாராயின், அக்கூற்றைப் புறக்கணித்தல் தகாது.

மூன்றாவது, உண்ணாமலே கண்ணைச் சேரும் உணவு. செத்தல் மிளகாய் வறுக்கும்போது எழும் நெடியும், வெங்காயம் வெட்டும்போது கிளம்பும் ஆவியும், கடுகு தாளிக்கும் எண்ணெய்ப்புகையும், ஈரவிறகின் புகையும் நேரே கண்ணைச் சுடுவன. மிளகாய் நறுக்கிய விரல் இமையிற் பட்டால் பல மணி நேரம் எரியும். இலங்கையில் இன்றும் பல இல்லங்களிலே விறகடுப்பே எரிகிறது. அடுக்களையிலே நாளில் நான்கு மணித்தியாலம் நிற்கும் ஒருவர், "கறி உண்ட பின் கண் எரிகிறது" என்கிறார். அவருடைய கண்ணை எரித்தது உண்ட கறியா, அதைச் சமைத்த புகையா? அதே கறியை உண்ட கணவருக்கும் பிள்ளைகளுக்கும் ஏன் எரியவில்லை? இவ்வினாவை எவரும் கேட்பதில்லை.

நான்காவது, உணவின் குறைவு. உயிர்ச்சத்து ஏ குறைந்தால் முதலில் மாலைக்கண் தோன்றும். பின்னர் கண் வறண்டு, முற்றினால் பார்வையே அழியும். உயிர்ச்சத்து பீ வகையைச் சேர்ந்த ரைபோபிளேவின் குறைந்தாலும் கண் எரியும், வெளிச்சம் கூசும், வாய்க்கடையிலே புண் உண்டாகும். அமெரிக்க வைத்தியரான சைடன்ஸ்றிக்கரும் அவருடைய துணைவர்களும் 1940இல் இக்கண்ணோயை விளக்கி எழுதினர். முருங்கையிலை, பொன்னாங்காணி, பப்பாசி, பூசணி முதலியவற்றிலிருந்து முதற் சத்தை உடல் ஆக்கிக்கொள்கிறது. பால், முட்டை, ஈரல், கீரை ஆகியன இரண்டாவது சத்தைத் தருவன. இங்கேதான் மேலே கூறப்பட்ட இல்லத்தலைவியின் நிலை இரங்கத்தக்கதாகின்றது. எரிவைத் தணிப்பதற்காக அவர் விலக்கிய பாலும் முட்டையும் கண்ணைக் காப்பன. காரணமறியாது கைக்கொண்ட பத்தியம் நாளடைவில் மற்றொரு நோய்க்கு வழிகோலலாம்.

இவ்விடத்திலே நமது பாட்டிமார் வழங்கிய பத்திய முறையை எள்ளி நகையாடுவது நோக்கமன்று. இறாலும் நண்டும் மீனும் சிலருக்கு ஒவ்வா என்பதை அவர்கள் அநுபவத்தால் அறிந்திருந்தனர். இன்றைய மருத்துவமும் அவற்றை ஒவ்வாமை தரும் முதன்மையான உணவுகளுள் வைத்துள்ளது. ஆனால் அவர்கள் விதித்த பத்தியத்துக்கு ஒரு கால எல்லை இருந்தது. நோய் தீர்ந்ததும் மறுபத்தியம் இருந்து, பின்னர் வழமையான உணவுக்குத் திரும்பினர். எல்லையின்றி நீளும் இக்காலத்து விலக்கலுக்கு அம்மரபிலே சான்று காண்பதரிது.

உணவோடு தொடர்பற்ற காரணங்களும் பலவுள. இமையோரத்தில் பொடுகுபோலப் படிந்து சுரப்பிகளை அடைக்கும் அழற்சி, நீடித்த கண்ணெரிவுக்கு மிகப் பொதுவான காரணங்களுள் ஒன்று. தலையணையிலும் மெத்தையிலும் வாழும் கண்ணுக்குத் தெரியாத உண்ணிகள் வேறொரு காரணம். வீட்டுத்தூசி ஒவ்வாமை தருவது இவ்வுண்ணிகளாலேயே என்பதை ஒல்லாந்து நாட்டு ஆய்வாளர்கள் 1964இல் காட்டினர். 1980களின் பிற்பகுதி தொடக்கம் இலங்கையின் வடபகுதியிற் பரவிய பார்த்தீனியச் செடியும் தோலிலும் மூச்சுறுப்புக்களிலும் ஒவ்வாமையை உண்டாக்குவது. நுளம்புச்சுருளின் புகை, இரவு முழுவதும் முகத்துக்கு நேரே சுழலும் மின்விசிறி ஆகியனவும் கண்ணை வறட்டுவன. தும்மலுக்கும் அரிப்புக்கும் உண்ணும் சில மாத்திரைகளே கண்ணீரைக் குறைத்து எரிவைக் கூட்டுவதும் உண்டு. ஒவ்வாமை என்று எண்ணி மருந்துண்பவர் அம்மருந்தினாலேயே மேலும் வருந்துவது விந்தையான நிலையன்றோ!

சிலருக்குக் கண்ணோடு வாயும் வறளும், சோற்றை விழுங்குவதற்கும் நீர் வேண்டியிருக்கும், மூட்டுக்களும் நோகும். சுவீடன் நாட்டுக் கண்வைத்தியர் ஹென்றிக் ஷோகிரன் இத்தகைய 19 பெண்களை ஆராய்ந்து 1933இல் எழுதினார். அவர்களுள் 13 பேருக்கு மூட்டு நோயும் இருந்தது. உடலின் காப்புப்படை தன் சொந்தச் சுரப்பிகளையே தாக்குவதால் வருவது இந்நோய். இத்தகையோரை, "எல்லாம் மனப்பிரமை" என்று கூறித் திருப்பி அனுப்புவது கொடுமையாகும். கண்ணீரின் அளவை அறிவதற்கு எளிய சோதனை ஒன்றுண்டு. வடிதாளின் சிறு துண்டைக் கீழிமையில் ஐந்து நிமிடம் வைத்து, எத்தனை மில்லிமீற்றர் நனைகிறது என்று அளப்பார்கள். 1903இல் ஷிர்மர் என்பவர் காட்டிய முறை இது. இன்னுஞ் சிலருக்குக் கண் முற்றும் நலமாகவே இருக்க, நரம்புகளே பழுதுற்று எரிவுணர்ச்சியைத் தருவதும் உண்டு.

இவ்வளவு காரணங்களுக்கிடையே உணவுதான் காரணமென்று ஐயுற்றால், அதை எவ்வாறு தீர்மானிப்பது? நினைவாற்றலை மட்டும் நம்புவது போதாது. கண் எரிந்த நாளில் என்ன உண்டோம் என்று மனம் தேடும். அதே உணவை உண்டும் எரியாத நாட்களை அது மறந்துவிடும். ஆகவே ஒரு கொப்பி வேண்டும். அதில் நாள்தோறும் உண்டவை, உண்ட நேரம், எரிவு தொடங்கிய நேரம், அதன் கடுமை, அன்று அடுக்களையில் நின்ற நேரம், வாசித்த நேரம், நித்திரை, உண்ட மருந்து ஆகிய யாவற்றையும் எழுதிவருதல் வேண்டும். நான்கு வாரத்துக் குறிப்பு, நான்கு ஆண்டு நினைவிலும் மேலானது. வைத்தியரிடம் செல்லும்போது அக்கொப்பியே நோயாளியின் சாட்சியாகும்.

குறிப்பிலே ஓர் உணவின்மீது ஐயம் உறுதிப்பட்டால், அதனை மட்டும் இரண்டு முதல் நான்கு வாரம் விலக்கிப் பார்க்கலாம். கலிபோர்னியாவைச் சேர்ந்த வைத்தியர் அல்பேட் றோ 1920களில் விலக்குணவு முறையை வகுத்துப் பரப்பினார். அம்முறையிலே பலர் மறந்துவிடும் பாதி ஒன்றுண்டு. விலக்கிய உணவை மீண்டும் உண்டு பார்ப்பதே அது. விலக்கியபோது தணிந்து, மீண்டும் உண்டபோது எழுந்து, மறுபடி விலக்கியபோது தணிந்தால் மட்டுமே ஐயம் வலுப்பெறும். மீண்டும் உண்டும் எரிவு கூடவில்லையாயின், அவ்வுணவு குற்றமற்றது. அதற்குத் தட்டிலே மீண்டும் இடமளித்தல் வேண்டும். ஒரே காலத்தில் பலவற்றை விலக்கினால் எதனையும் அறிய முடியாது. முன்னர் ஓர் உணவினால் உதடு வீங்கியோ மூச்சுத் திணறியோ இருந்தவர்கள் இச்சோதனையை வீட்டிலே ஒருபோதும் செய்தலாகாது. சிறுவருக்கும் கருப்பவதிகளுக்கும் வைத்தியரின் மேற்பார்வையின்றி உணவை விலக்குவதும் தவறு.

மனத்தின் எதிர்பார்ப்பு உடலின் உணர்வை மாற்றும் என்பதை ஆய்வாளர் நன்கறிவர். அதனாற்றான் சார்ள்ஸ் மே என்னும் அமெரிக்க வைத்தியர் 1976இல் புதியதொரு சோதனை முறையை வெளியிட்டார். கொடுப்பது ஐயத்துக்குரிய உணவா, வெறும் பொருளா என்பதை உண்பவரும் அறியார். கொடுக்கும் வைத்தியரும் அறியார். உணவொவ்வாமையைத் துணிவதற்கு இன்றுவரை இதுவே தலைசிறந்த முறையாகக் கருதப்படுகிறது. கண் வறட்சிக்கு மீனெண்ணெய் நல்லது என்ற நம்பிக்கையையும் இவ்வாறே சோதித்தனர். அமெரிக்காவில் 535 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு நாள்தோறும் மீனெண்ணெய்ச் சத்து 3000 மில்லிகிராமும் மற்றவர்களுக்கு ஒலிவ எண்ணெயும் ஓராண்டு கொடுத்தனர். 2018இல் முடிவு வெளியாயிற்று. இரு பிரிவினருக்குமே துன்பம் குறைந்திருந்தது. ஒரு பிரிவு மற்றதைவிடச் சிறந்து விளங்கவில்லை. ஒரு மருந்தை உண்டபின் சுகம் கண்டேன் என்பது மட்டுமே அம்மருந்துக்குப் போதிய சான்றாகாது என்பதை இது காட்டுகிறது.

குருதியைப் பரிசோதித்து நூற்றுக்கணக்கான உணவுகளின் பட்டியலைத் தருவதாகக் கூறும் சோதனைகளும் விற்கப்படுகின்றன. இவற்றுட் பல அளப்பது, ஓர் உணவை உடல் சந்தித்திருக்கிறது என்பதற்கான அடையாளத்தையே. அவ்வுணவு ஒவ்வாது என்பதையன்று. ஒவ்வாமை வைத்தியர் சங்கங்கள் இவற்றை நம்பவேண்டாம் என்று அறிவுறுத்தியுள்ளன. அடிக்கடி உண்ணும் அரிசியும் பாலுமே இப்பட்டியலில் முன்நிற்குமாயின் அதில் வியப்பில்லை.

இனி, காரணம் அகப்படும்வரை வாழும் முறையைக் கூறவேண்டும். சுத்தமான துணியை இளஞ்சூட்டு நீரில் தோய்த்துப் பிழிந்து, மூடிய இமைகளின்மீது ஐந்து முதல் பத்து நிமிடம் வைத்து, பின்னர் இமையோரத்தை மெதுவாகத் துடைத்துவருதல் அடைபட்ட சுரப்பிகளைத் திறக்க உதவும். நாள்தோறும் செய்தால் சில வாரங்களின் பின்னரே பயன் தெரியும். கண்ணீருக்கு ஈடான துளிமருந்துகள் உண்டு; அடிக்கடி இடவேண்டியவர்கள் பாதுகாப்புப் பொருள் கலவாததை வைத்தியரிடம் கேட்டுப் பெறலாம். வாசிக்கும்போது இடையிடையே நிறுத்தி, கண்களை முழுமையாக மூடித் திறத்தல் வேண்டும். மின்விசிறியைத் திசைமாற்றி வைக்கலாம். தலையணையுறையை வாரந்தோறும் வெந்நீரில் துவைக்கலாம். அடுக்களையிலே புகைபோக்கியோ அகன்ற யன்னலோ அமைப்பது கண்ணுக்கு மட்டுமன்றி நெஞ்சுக்கும் நலந் தரும். எண்ணெய் முழுக்கு உடலுக்கு இதமளிக்கலாம். ஆனால் எண்ணெயையோ, முலைப்பாலையோ, இலைச்சாற்றையோ கண்ணுக்குள் விடுவது கிருமிகளை உள்ளே விடுவதாகும்.

மருந்துக்கடையிலே தாமே கேட்டு வாங்கும் துளிமருந்துகளிலும் எச்சரிக்கை தேவை. ஸ்ரிரொயிட் கலந்த துளிகள் எரிவை விரைவில் தணிக்கும். நீண்டகாலம் இட்டால் கண்ணின் உள்ளழுத்தத்தை உயர்த்தியும் புரையை உண்டாக்கியும் பார்வையைக் கெடுக்கும். பார்வை மங்குதல், கடுமையான வலி, வெளிச்சத்தைப் பார்க்க இயலாமை, ஒரு கண் மட்டும் மிகச் சிவத்தல், கருவிழியில் வெண்புள்ளி ஆகியவற்றுள் ஏதேனும் தோன்றினால் கொப்பி எழுதிக் காத்திருத்தல் கூடாது; அன்றே வைத்தியசாலைக்குச் செல்லுதல் வேண்டும்.

வள்ளுவர் "மருந்து" என்னும் அதிகாரத்திலே, நோயை அறிந்து, அதன் மூலத்தை அறிந்து, அதன்பின்னரே தீர்க்கும் வழியை நாடவேண்டும் என்று வரிசைப்படுத்தினார். கண்ணெரிவால் வருந்தும் பலர் முதற்படியிலிருந்து மூன்றாவது படிக்குத் தாவிவிடுகின்றனர். இடையிலுள்ள படி கடினமானது; பொறுமையை வேண்டுவது; சில வேளைகளில் முற்றாகக் கைகூடாததுமாகும். பொஸ்டொக் தம் நோயின் காரணத்தை அறியாமலே வாழ்ந்து முடித்தார். எனினும் தம் துன்பத்தை ஒளிக்காமலும் மிகைப்படுத்தாமலும் எழுதிவைத்தமையாற் பின்வந்தோர் வழி கண்டனர்.

அந்த இல்லத்தலைவிக்கு வேண்டுவன இரண்டு. தட்டிலிருந்து காரணமின்றி விலக்கப்பட்ட உணவுகள் ஒவ்வொன்றாகச் சோதிக்கப்பட்டு மீண்டும் வந்துசேர வேண்டும். அவர் எரிகிறது என்று சொல்லும்போது, எரிகிறது என்பதை வீட்டார் நம்பவேண்டும். மிளகாய் வறுக்கும் நாளில் மற்றொருவர் அடுப்படியில் நின்று உதவினால், அக்கொப்பியிலே புதியதொரு குறிப்பு எழுதுவதற்கும் இடமுண்டாகும். அன்று மாலை கண் எரிந்ததா, இல்லையா என்பதே அந்தக் குறிப்பு.